“இது என்னாட்டமே இல்லீங்கண்ணா!”

சேலத்தில் எந்த ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தாலும், திரையில் முகம் வந்ததும் பலர் வாயில் வரும் முதல் பேச்சு இதுதான். கூட வந்த அம்மாவோ தங்கச்சியோ, “உன்னாட்டமேதான் இருக்குது, பேசாம இரு” என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தினமும் பார்த்துப் பழகிய முகத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த இரண்டு முகங்களும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொண்டால் மனசில் இருக்கும் பாதி வருத்தம் குறைந்துவிடும்.

முதல் காரணம் இடம் வலம். கண்ணாடியில் உங்கள் வலது மூக்குத்தி உங்கள் வலது கைப்பக்கமே தெரியும். எதிரில் நிற்பவருக்கு அது அவருடைய இடது கைப்பக்கம். வகிடு, கன்னத்து மச்சம், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் புருவம் எல்லாமே இப்படித்தான். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. கண்ணாடியில் அந்தக் கோணலுக்குக் கண் பழகிப்போயிருக்கும். போட்டோவில் அதே கோணல் மறுபக்கம் போய்விடுவதால் ஒரேயடியாக உறுத்தும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் 1977இல் இதைச் சோதித்தார்கள். பெண்களின் போட்டோவை நேராக ஒன்று, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் திருப்பி ஒன்று என அச்சிட்டுக் காட்டியபோது, அவர்களில் அதிகம் பேருக்குப் பிடித்தது திருப்பிய படம். அவர்களுடைய நெருங்கிய தோழிகளில் அதிகம் பேருக்குப் பிடித்தது நேர்ப் படம். அதிகம் பார்த்த முகம் எதுவோ அதுவே பிடித்த முகமாகிறது.

இரண்டாவது காரணம் தூரம். இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை, கெடுதலும் இதில்தான் அதிகம். மூக்கு நுனியிலிருந்து காது வரை சுமார் 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. போனை மூக்குக்கு 30 செ.மீ. முன்னால் பிடித்து செல்ஃபி எடுத்தால், காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். 42ஐ 30ஆல் வகுத்தால் 1.4. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்தால் 162ஐ 150ஆல் வகுக்க வேண்டும். வித்தியாசம் 8 சதவீதம்தான். 2018இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, 30 செ.மீ. செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று கணக்கிட்டது. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லிக் கேட்டு வருபவர்களைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் அந்தக் கணக்கையே போட்டார்கள். மூக்கில் ஒரு குறையும் இல்லை, போன் கிட்டே இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடி ஏன் இப்படிச் செய்வதில்லை? அரை மீட்டர் தள்ளி நின்றால், பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு அரை மீட்டரில் இருக்கிறது. ஆக உங்களை நீங்கள் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். திண்ணையில் எதிரே உட்கார்ந்து பேசுபவர் பார்ப்பதும் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான். அதனால் முக அளவுகளைப் பொறுத்தவரை செல்ஃபியை விடக் கண்ணாடியை நம்பலாம்.

ஆனால் கண்ணாடியை எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் சாமி படங்களோடு வரிசையாக, மேல் விளிம்பு முன்னால் சாய்ந்தபடி கண்ணாடி தொங்கும். வெறும் 5 டிகிரி சாய்வு போதும்: ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய கால் மீட்டர் உயரத்திலிருந்து உங்களைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். தலை பெரிசு, உடம்பு கட்டை. ஜவுளிக்கடை டிரையல் ரூமில் ஆளுயரக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தால் நேர் எதிர். அதே 5 டிகிரியில் 160 செ.மீ. உயரத்தில் இருக்கும் கண், 130 செ.மீ. உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் காட்டும். கால் நீளமாக, உருவம் ஒல்லியாகத் தெரியும். அங்கே அழகாக இருந்த சுடிதார் வீட்டுக்கு வந்ததும் சப்பென்று தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக் கண்ணாடியைச் செங்குத்தாக, நடுப்பகுதி கண் உயரத்துக்கு வரும்படி மாட்டுங்கள். மெல்லிய, மலிவான கண்ணாடி அலையலையாக வளைக்கும். நேர்க்கோடு போட்ட ஸ்கேலை எதிரே பிடித்து மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் எங்கே வளைகிறது என்று தெரிந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சேலத்தில் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண்குழியிலும் மூக்கின் நிழல் மேலுதட்டிலும் விழும். பத்து வயது கூடுதலாகத் தெரிவீர்கள். அதே ஆள் ஏற்காடு ஏறி, லேடீஸ் சீட்டிலோ பகோடா பாயின்ட்டிலோ மூடுபனிக்குள் நின்றால், வானமே வெள்ளைத் துணி கட்டிய விளக்குபோல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளிச்சம் தருகிறது. நிழல் இல்லை, சுருக்கம் தெரியாது. அதோடு அங்கே பெரும்பாலும் வேறு யாரோ மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்திருப்பார்கள். “ஏற்காட்டுப் போட்டோவில் மட்டும் நல்லா இருக்கேன்” என்பதன் ரகசியம் இந்த இரண்டும்தான். மூடுபனியில் நிறம் மட்டும் நீலம் கலந்து வெளிறும். கேமராவில் மேகமூட்டத்துக்கான வண்ண அமைப்பை வைத்தால் சரியாகும்.

அடுத்தவர் பார்ப்பதை நாமே பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கண்ணாடிக் கடையில் 30க்கு 40 செ.மீ. அளவில் முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு துண்டு வாங்குங்கள். விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும். 3 மி.மீ. கனம் போதும், கனம் கூடினால் நடுக்கோடு தடிமனாகத் தெரியும். நீள விளிம்புகளைச் சேர்த்து, பின்பக்கம் துணி டேப் ஒட்டி, திறந்த புத்தகம்போல் மேஜையில் நிறுத்துங்கள். கோணம் சரியாக 90 டிகிரி இருக்க வேண்டும். ஒரு தரை டைல்ஸின் மூலையை உள்ளே வைத்தால் தானாக அமையும். கோணம் சற்று தவறினாலும் முகத்தின் நடுப்பகுதி அகலும், அல்லது இடுங்கி மூக்கே காணாமல் போகும். சரியாக அமைந்ததா என்று பார்க்க வலது கண்ணை மூடுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணடிப்பதுபோல், பிம்பத்தின் மறுபக்கக் கண் மூட வேண்டும். முதல் முறை பார்க்கும்போது முகம் கோணலாகத் தெரிவது இயல்பு. சீப்பும் தப்பான பக்கம்தான் போகும். ஒரு வாரம் தினமும் பார்த்தால் உறுத்தல் குறையும்.

இதையும் விட நல்லது வீடியோ. போனின் பின்பக்கக் கேமராவைக் கண் உயரத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தி, 2 மடங்கு ஜூம் வையுங்கள். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, அவரோடு மூன்று நிமிஷம் சாதாரணமாகப் பேசுங்கள். முதல் அரை நிமிஷத்தை விட்டுவிடுங்கள், அதில் எல்லோரும் விறைப்பாகத்தான் இருப்பார்கள். முதலில் சத்தம் இல்லாமல் பாருங்கள், ஏனென்றால் பதிவான குரல் வேறு தனியாகப் படுத்தும். நாம் பேசும்போது நம் குரலை எலும்பு வழியாகவும் கேட்கிறோம், பதிவில் அது கிடையாது. நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவே கூடாது. ஒருவர் பேசும் வீடியோவையும் அதிலிருந்தே எடுத்த அசையாப் படங்களையும் காட்டினால், வீடியோவில்தான் அவர் நன்றாக இருப்பதாக மக்கள் சொல்கிறார்கள் என்று 2012இல் ஒரு ஆய்வு காட்டியது. நம்மை மற்றவர்கள் நிறுத்தி வைத்தா பார்க்கிறார்கள்?

மனசும் தன் பங்குக்குக் கணக்கை மாற்றும். 2008இல் ஒரு சோதனையில் ஒவ்வொருவர் முகத்தையும் படிப்படியாக அழகாக்கியும் அசிங்கமாக்கியும் கலந்து வைத்து, எது உங்கள் நிஜ முகம் என்று கேட்டார்கள். கொஞ்சம் அழகாக்கிய படத்தையே தன்னுடையது என்று காட்டியவர்கள்தான் அதிகம். அதனால்தான் நிஜப் படம் ஏமாற்றமாக இருக்கிறது. மறுபக்கம், கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்த பருவை ஊரே பார்க்கும் என்று தவிக்கிறோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சங்கடமான படம் போட்ட சட்டையோடு ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள், கவனித்தது கால்வாசிப்பேர். 2000இல் வெளியான ஆய்வு இது.

ஒரே குறையை நினைத்து தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி முன்னால் நிற்பது, அதற்காகவே விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்குவது என்று ஒருவர் மாறிவிட்டால் அது வேறு விஷயம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. “நல்லாத்தானே இருக்கே” என்று நூறு தடவை சொன்னாலும் அவருக்கு உதவாது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வரன் பார்க்கக் கொடுக்கும் போட்டோவை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, உங்களோடு அதிகம் பழகாத இரண்டு பேரிடம் காட்டுங்கள். நம்மைப் போலவே இருக்கும் படத்தையும், பார்ப்பவர் மனசில் நல்ல எண்ணம் உண்டாக்கும் படத்தையும் நம்மை விட முன்பின் தெரியாதவர்களே சரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. ஸ்டுடியோக்காரரிடம் “கொஞ்சம் திருப்பிப் போடுங்கண்ணா” என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு அது பிடிக்கும்தான். ஆனால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், சட்டைப் பொத்தான் மாறிவிடும், நேரில் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் மச்சத்தை மறு கன்னத்தில் தேடுவார்கள்.