காட்டு மனை வாங்குவதற்கு முன் சரிவை அளந்துவிடுங்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தென்கரையில், பேட்மன்ஸ் பே போன்ற ஊர்களைச் சுற்றி ஸ்பாட்டட் கம் என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள் நிறைந்த காட்டு மனைகள் அடிக்கடி விற்பனைக்கு வரும். கடல் பத்து நிமிடத் தூரம், வாசலிலேயே காடு என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் மனை எத்தனை ஏக்கர் என்பதைவிட, வீடு அதில் எந்த இடத்தில் உட்காரும் என்பதே முக்கியம்.

முதலில் வீடு கட்டும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். கிராமப்புற மண்டலங்களில் குறைந்தபட்சப் பரப்பு என்று ஒன்று உண்டு. மனை அதற்குக் குறைவாக இருந்து, பழைய உரிமையும் இல்லையென்றால் வீட்டுக்கு அனுமதி கிடைக்காது. ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது, கவுன்சிலிடம் (உள்ளூர் நகராட்சி) எழுத்தில் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தத்தோடு 10.7(2) சான்றிதழ், அதாவது அந்த நிலத்துக்கு என்னென்ன திட்ட விதிகள் பொருந்தும் என்று கவுன்சில் தரும் சான்றிதழ், இணைந்திருக்கும். காட்டுத்தீ அபாய நிலமா என்பது அதில் தெரியும். கூடுதல் விவரம் தரும் 10.7(5)ஐத் தனியாகப் பணம் கட்டிக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திட்ட பிறகு பின்வாங்க 5 வேலை நாள் அவகாசம் உண்டு என்று நம்பிப் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2.5 ஹெக்டேரைத் தாண்டிய நிலத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

அடுத்தது பி.ஏ.எல் (Bushfire Attack Level) எனப்படும் காட்டுத்தீ அபாய அளவு. 12.5, 19, 29, 40, அதற்கும் மேல் தீச்சுடரே வீட்டைத் தொடும் வகை என்று படிகள் உண்டு. ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிலோவாட் வெப்பம் விழும் என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. 29க்குள் அடங்கினால் கட்டுமானச் செலவைத் தாங்கலாம். 40ஐத் தொட்டால் ஜன்னல், கதவு, கூரை எல்லாமே விலையேறும்.

இதில் பலர் கோட்டைவிடுவது சரிவில். தீ மேட்டில் ஏறும்போது வேகம் பிடிக்கும். 10 டிகிரி சரிவுக்கு வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் 29க்குள் இருக்க, சமதரைக் காட்டிலிருந்து வீடு 24 மீட்டர் தள்ளியிருந்தால் போதும். வீட்டுக்குக் கீழே 10 முதல் 15 டிகிரி வரை இறங்கும் காடு என்றால் 45 மீட்டர் வேண்டும், 15 முதல் 20 வரை என்றால் 56. மனை 50 மீட்டர் ஆழம், வீடு 12 மீட்டர், காடு கீழ்ச்சரிவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 45ம் 12ம் சேர்ந்து 57. அடங்காது. பக்கத்து மனையையோ தேசியப் பூங்காவையோ வெட்டி இடம் தேடவும் முடியாது. வீடு வரப்போகும் இடத்தில் நின்று, உங்கள் உயரமுள்ள ஒருவரைக் கீழே நிற்கவைத்து, கண்ணுக்குக் கண் பார்த்து ஃபோனிலேயே சரிவை அளக்கலாம். அளக்க வேண்டியது புல்தரையை அல்ல, மரங்கள் நிற்கும் தரையை. எல்லையைத் தாண்டியும் 100 மீட்டர் வரை பாருங்கள். முன்பணம் கட்டும் முன்பே ஒரு காட்டுத்தீ ஆலோசகரிடம் இதை உறுதிசெய்துகொள்வது வீண் செலவே அல்ல. (அங்கே நிற்கும் ஸ்பாட்டட் கம், பி.ஏ.எல் 29 வரை கட்டுமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஏழு மரங்களில் ஒன்று. வீட்டையொட்டி மரத் தளம் (டெக்) போட நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.)

மரம் வெட்டுவதிலும் கவனம் வேண்டும். வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரங்களையும் 50 மீட்டருக்குள் மற்ற செடிகளையும் வெட்டலாம் என்ற 10/50 விதி ஏற்கெனவே நிற்கும் வீட்டுக்குத்தான், காலி மனைக்கு இல்லை. குறைந்தபட்சப் பரப்பு 1 ஹெக்டேர் முதல் 40 ஹெக்டேருக்குக் குறைவாக உள்ள பகுதியில் அரை ஹெக்டேரோ அதற்கு மேலோ இயற்கைத் தாவரங்களை அழித்தால், அழிப்பதற்கு ஈடு செய்யச் சொல்லும் பல்லுயிர் ஈட்டுத் திட்டத்துக்குள் போய்விடுவீர்கள். வீடு, தீத்தடுப்பு வெளி (காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே விடும் இடைவெளி), வண்டிப்பாதை, செப்டிக் இடம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

சாக்கடை இணைப்பு இருக்காது. கழிவுநீர் பாயும் இடம் ஓடும் ஆற்றிலிருந்து 100 மீட்டரும், மழைக்கால ஓடையிலிருந்து 40 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்பது மாநில வழிகாட்டுதல். மண் சோதனை முடிந்த பிறகே கவுன்சில் அனுமதி.

குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனையானால் தீயணைப்புக்கென்றே 20,000 லிட்டர் ஒதுக்க வேண்டும், சிறிய மனைக்கு 10,000. டேங்கில் தீயணைப்புக் குழாயை மாட்டும் 65 மி.மீ. ஸ்டோர்ஸ் (Storz) இணைப்பு இருக்க வேண்டும். அதிலிருந்து 4 மீட்டருக்குள் தீயணைப்பு லாரி நிற்கக் கெட்டியான தரை வேண்டும். லாரி வரும் பாதை 4 மீட்டர் அகலம், தலைக்கு மேலும் 4 மீட்டர் இடைவெளி. மண் பாதையானால் 10 டிகிரிக்கு மேல் ஏற்றம் கூடாது. செங்குத்தான மனையில் பாதை வளைந்து நீளும், அதற்காக இன்னும் மரம் போகும், அரை ஹெக்டேர் கணக்கு மறுபடியும் இடிக்கும்.