பக்கம் புரட்டுகிற பிள்ளையும் படிக்கிற பிள்ளையும்

வாசிப்பு பீரியடில் யார் நிஜமாகப் படிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கொஞ்ச நேரம் கவனித்தாலே தெரிந்துவிடும். ஒருத்தி கையில் படமே இல்லாத தடிமனான நாவல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி கையில் படக்கதை. தோழி பக்கம் புரட்டும்போதெல்லாம் இவளும் புரட்டுகிறாள். இன்னொருவன் ஒவ்வொரு தடவையும் புதுப் புத்தகத்தோடு வந்து உட்காருகிறான், எதிலும் மூன்று நான்கு பக்கத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் வகுப்பு அமைதியாக இருக்கிறது. வராந்தாவிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாரும் படிப்பதுபோல்தான் தெரியும்.

அந்த அமைதியை நம்பி நோட்டு திருத்த உட்கார்ந்துவிட வேண்டாம் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வாசிப்பு நேரத்தில் நமக்கு வேலை இருக்கிறது, அதுவும் நிறைய.

பள்ளியில் தினமும் கொஞ்ச நேரம் எல்லாரும் மௌனமாக, தமக்குப் பிடித்ததைப் படிப்பது என்ற யோசனையை 1960-களில் முன்வைத்தவர் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைமன் ஹன்ட். 1971-இல் ராபர்ட் மெக்ரக்கன் என்ற கல்வியாளர் அதற்குச் சில விதிகள் வகுத்தார். ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து படிக்க வேண்டும், நடுவில் புத்தகத்தை மாற்றக் கூடாது, படித்ததைப் பற்றி எதுவும் எழுதச் சொல்லக் கூடாது. கடைசி விதி எனக்கு வேதவாக்கு. மற்ற இரண்டையும் நான் ஏற்கவில்லை. பிடிக்காத புத்தகத்தோடு ஒரு பிள்ளையை அரை மணி நேரம் கட்டிப்போட்டால் அது படிப்பை வெறுக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஆசிரியர் படிப்பதைப் பிள்ளைகள் பார்ப்பது நல்லதுதான், முதல் சில நிமிடங்கள் போதும். அப்புறம் எழுந்து பிள்ளைகளிடம் போக வேண்டும்.

2000-இல் அமெரிக்காவில் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையைக் காட்டி, மௌன வாசிப்பால் பலன் இல்லை என்று சிலர் வாதாடுவார்கள். அந்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. வழிகாட்டலோ கருத்துச் சொல்வதோ பெரிதாக இல்லாமல் பிள்ளைகளைத் தாமாகப் படிக்க விடுவது வாசிப்புத் திறனை உயர்த்துகிறது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றுதான் சொன்னது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, 'வழிகாட்டல் பெரிதாக இல்லாமல்' என்ற பகுதிதான்.

சரி, எதில் வழிகாட்டுவது? முதலில் புத்தகத் தேர்வில். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு விதி எழுதிவிட்டார். வகுப்பறைக்கும் அதுதான். பீரியட் தொடங்கிய பிறகு அலமாரி முன்னால் நின்று தேடினால் பாதி நேரம் அங்கேயே போய்விடும். முதல் நாளே எடுத்துவைக்கச் சொல்லுங்கள், கைக்கு உதவியாக இன்னொன்றும் சேர்த்து. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. ஐந்து விரலும் மடங்கிவிட்டால் புத்தகம் இப்போதைக்குக் கடினம். நல்ல வழிதான், ஆனால் ஒரு பிள்ளை ஆசையாகக் கேட்கிற புத்தகத்தை விரலை எண்ணிப் பிடுங்காதீர்கள்.

என் வகுப்பில் கதைப் புத்தகம் எதைக் கொடுத்தாலும் மூடிவைத்துவிடும் பையன் ஒருவன் இருந்தான். ஆழ்கடல் உயிரினங்கள் பற்றிய ஒரு படப் புத்தகத்தை அவன் மேசையில் வைத்தேன். தலைக்கு மேல் விளக்குபோல் ஒளிரும் தூண்டிலோடு ஒரு மீன். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நான்கு வரி. அதில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். நான் குனிந்ததும், "டீச்சர், இந்த ஆண் மீன் இத்தனூண்டுதானா? பெண் மீன் உடம்புல கடிச்சு அப்படியே ஒட்டிக்குமாம்!" என்றான். சில இனங்களில் அப்படித்தான். படத்துக்குக் கீழே உள்ள நான்கு வரியைப் படிப்பதும் படிப்புதான். இதைப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன்.

பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் பரீட்சைக் கேள்வி கேட்கக் கூடாது. "எந்த இடத்துல இருக்கே? இவனை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டால் போதும். பதில் வராவிட்டால் முதல் பக்கத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து படிக்கலாம். அப்போதுதான் சில பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டுவதே சிரமம் என்பது தெரியவரும். அவர்கள் நடிப்பது சோம்பலால் இல்லை, மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தால். அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும், வாசிப்பு பீரியட் மட்டும் அதைச் சரிசெய்யாது.

ஒரே பீரியடில் எல்லாரிடமும் போக முடியாது, முறை வைத்துக்கொண்டு போகலாம். யார், எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் என்று நான் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிறேன். அந்த நோட்டு எனக்கு மட்டும்தான். அதிலிருந்து மதிப்பெண் எதுவும் போகாது.

இன்னொன்று. பரீட்சை நெருங்கினால் போர்ஷன் முடிக்க முதலில் பறிபோவது இந்தப் பீரியட்தான். பாதிக் கதையில் நிறுத்திய பிள்ளைக்கு இரண்டு வாரம் கழித்துப் பாத்திரங்களின் பெயர்கூட நினைவிருக்காது, திரும்ப முதலிலிருந்து தொடங்கப் பொறுமையும் இருக்காது. அதனால் கணக்குக்கோ அறிவியலுக்கோ யார் வந்து கேட்டாலும் வாசிப்பு பீரியடை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.