பாலாவிக் கரையில் உழவாரப்பணி

மன்னார்த் திருக்கேதீஸ்வரம் சிவன் கோயிலுக்குப் புறப்படும் முன் கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வான் வண்டியில் ஏறுவது எங்கள் குழுவின் வழக்கம். பொன்னம்பல முதலியார் 1857 இல் கட்டிய கோயிலை, 1907 தொடங்கி அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். வாசலில் மாலை கட்டுகிறவர்கள், தேங்காய் கற்பூரம் விற்கிறவர்கள் என்று எத்தனையோ வீட்டு அடுப்பு அந்த ஒரு கோயிலால் எரிகிறது. மன்னாரில் இருக்கும் கோயிலுக்கும் அது வாய்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

திருக்கேதீஸ்வரம் இருக்கும் இடம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டம். கப்பல்கள் வந்துபோன பெரிய துறை. போர்த்துக்கேயர் கோயிலை இடித்த பிறகு காடு மூடிவிட்டது. ஈசனை அங்கே திரும்ப எழுந்தருளச் செய்யுங்கள் என்று 1872 இல் ஆறுமுக நாவலர் சைவ மக்களைக் கேட்டுக்கொண்டார். 1894 இல்தான் பழைய கோயில் இருந்த இடம் தெரியவந்தது. 1948 இல், கொழும்பில் அரச உயர் பதவியில் இருந்த கந்தையா வைத்தியநாதன் திருப்பணிச் சபையைத் தொடங்கினார். அப்புறம் போர். 1990 இல் வழிபாடு நின்று, சனம் இடம்பெயர்ந்து போனது. இன்றைய கருங்கல் திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் நடந்தது 2022 இல்.

சிவராத்திரிக்குக் கோயில் தீர்த்தக் குளமான பாலாவியில் தீர்த்தம் அள்ளி மகாலிங்கத்துக்கு நாமே நம் கையால் அபிஷேகம் செய்யலாம். அந்தப் பாக்கியத்துக்காக நாடெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். போகும்போது விட்டுச் செல்வது ஈர வேட்டி, சொப்பிங் பை, தண்ணீர்ப் போத்தல். அதைத் துப்புரவாக்கும் உழவாரப்பணிக்காகத்தான் சிவராத்திரி கழிந்த பிறகு நாங்கள் போனோம்.

விடியற்காலையில் வேலையைத் தொடங்கினோம். கரையோரச் சேற்றில் ஒரு சேலை புதைந்து கிடந்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. இரண்டு பேர் இறங்கி மண்ணைக் கையால் கிளறியதும்தான் மெல்ல மெல்ல வந்தது. அதன் மடிப்புக்குள் ஊதுபத்திப் பெட்டிகள், பிளாஸ்டிக் கோப்பை, உடைந்த தேங்காய்ச் சிரட்டை. இறைவன் தலையில் ஊற்றும் நீர் இது என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. வெயில் ஏறும் முன்னே வீதியில் நெருஞ்சி பிடுங்கினோம். புல் செதுக்கும் உழவாரத்தோடு கோயில் கோயிலாக நடந்த அப்பர் பெருமானைக் குழுவில் ஒரு அக்கா வாய்விட்டு நினைத்துக்கொண்டார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ குடிக்கும்போது, வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

"சிவராத்திரிக்கு மட்டும்தான் தம்பி. மற்ற நாளில் வான்கள் வரும், ஆனால் சாப்பாட்டுப் பார்சல் கொழும்பிலேயே கட்டிக்கொண்டு வருவினம். கும்பிட்டவுடன் போய்விடுவினம்" என்றார் கடைக்கார அம்மா. "முதல் நாளே சொன்னால் எத்தனை பேருக்கும் சமைப்பேன். சொல்லாமல் சமைத்து வைத்தால் கொட்டத்தான் வேணும்."

அவர் சொல்வது முழுக்க நியாயம். குளத்தைத் துப்புரவாக்கினால் ஆள் வரும், சரி. வருகிறவர்கள் அர்ச்சனைத் தட்டு முதல் மத்தியானச் சோறு வரை கொழும்பிலிருந்தே கொண்டுபோனால் ஊருக்கு மிஞ்சுவது குப்பை மட்டும்தான். எங்கள் வானில் இருந்த விளக்குமாறு, பனையோலைக் கடகம் எல்லாம்கூடக் கொழும்பில் வாங்கியவை. பனை நிற்கிற ஊருக்குக் கடகம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம்! யாத்திரை ஒழுங்கு செய்கிற எல்லோரிடமும் நான் கேட்பது இதைத்தான்: வான் பேசும் அன்றைக்கே அங்கே ஒரு கடைக்கும் சாப்பாடு சொல்லிவிடுங்கள். ஓர் இரவு அங்கேயே தங்குங்கள்.

புறப்படும் முன் அந்த அம்மாவிடம் அடுத்த முறைக்கு இரண்டு நேரச் சாப்பாடு சொல்லி, முற்பணம் கொடுத்தோம். கடகம் முடைகிற ஆட்களையும் அவரே விசாரித்து வைப்பதாகச் சொன்னார்.