தாராவியில் மழைக்கால அச்சு

துணியில் ஸ்க்ரீன் பிரிண்டிங் எப்படி நடக்கிறது என்று பார்க்க எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் நேராக மேசைக்குத்தான் போவார்கள். வலை இழுத்துக் கட்டிய சட்டத்தை, அதாவது ஸ்க்ரீனை, துணிமேல் இறக்கி, சாயப் பேஸ்ட்டை ஊற்றி, ஸ்க்வீஜி என்ற ரப்பர் பட்டையை ஒரே இழுப்பாக இழுத்ததும் வெறும் பனியனில் படம் விழுவது யாருக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் மும்பை தாராவியில் இந்தத் தொழிலைச் செய்கிறவனுக்குத் தெரியும், அச்சின் தரம் அந்த மேசையில் முடிவாவதில்லை. அதற்கு முன்னால் ஸ்க்ரீன் காயும் அறையிலும், அதற்குப் பின்னால் அச்சடித்த துணியைச் சூட்டுக்குள் கொண்டுபோகும் பெல்ட்டிலும் முடிவாகிறது. இரண்டு இடங்களிலும் நாங்கள் மல்லுக்கட்டுவது காற்றில் இருக்கும் ஈரத்தோடு.

இந்த ஊரில் எங்களுக்கு உச்சப் பருவம் மழையோடுதான் வருகிறது. கோகுலாஷ்டமிக்கு மறுநாள் தயிர்ப்பானை உடைக்க ஏறும் கோவிந்தா குழு ஒவ்வொன்றுக்கும் குழுவின் பெயரும் ஆதரவளிப்பவரின் படமும் போட்ட பனியன் வேண்டும். அது முடிவதற்குள் விநாயகர் சதுர்த்தி நடத்தும் குழுக்களான கணபதி மண்டல்களின் ஆர்டர்கள் வந்து நிற்கும். 90 அடிச் சாலையில் நம் பெண்கள் பொங்கல் வைக்கும் ஜனவரியில், காற்று வறண்டு, பூசிய ஸ்க்ரீன் ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும். அப்போது மேசை பெரும்பாலும் ஓய்வாக இருக்கும்.

ஸ்க்ரீனின் பாலியஸ்டர் வலையில் எமல்ஷன் என்ற, வெளிச்சத்தில் இறுகும் பூச்சைப் பூசி, காயவைத்து, படம் கறுப்பாக விழுந்த ஒளிபுகும் ஃபிலிமை, அதாவது பாசிட்டிவை, அதன்மேல் வைத்துப் புற ஊதா விளக்கில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிக்கொள்ளும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவும்போது கரைந்து, பேஸ்ட் இறங்க வழிவிடும். பூச்சுக்குள் ஈரம் தங்கியிருந்தால் வெளிச்சம் பட்ட இடமும் முழுதாக இறுகாது. கொடுமை என்னவென்றால், அது அப்போது தெரியாது. கழுவிய ஸ்க்ரீன் சுத்தமாகவே இருக்கும், முதலில் அடிக்கும் பனியன்களும் ஒழுங்காகவே வரும். பிறகு ஊசித்துளைகள் விழும், எழுத்தின் ஓரம் உரியும். நீர் கலந்த பிக்மெண்ட் பேஸ்ட் என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஞ்சிருச்சு அண்ணாச்சி" என்பார்கள். மேல்தோல் காய்ந்திருக்கும், இழைகளுக்கு நடுவே காய்ந்திருக்காது.

வெளியே ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் ஜூலையில், ஃபேனை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும் அது அதே ஈரக்காற்றைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கும். ஆகவே ஒரு சிறிய அறையை இடுக்கில்லாமல் அடைத்து, காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் டிஹ்யூமிடிஃபையர் வைத்து, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, 40 டிகிரியைத் தாண்டாத சூட்டில் ஸ்க்ரீன்களை, துணியில் படும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்துக் காயவைக்கிறோம். இடம் இத்தனை விலை விற்கிற தாராவியில் ஓர் அறையை ஈரத்துக்காக ஒதுக்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. என் கணக்கில், ஒரு மேசையைக் குறைத்தாவது அந்த அறையை வைத்துக்கொள்ள வேண்டும்.

பல பட்டறைகளில் இன்னும் பைக்ரோமேட் என்ற குரோமிய உப்பு கலந்த பூச்சுதான் ஓடுகிறது. அது வெளிச்சமே படாமல் இருட்டிலும் மெல்லத் தானாக இறுகிக்கொள்ளும். சூடும் ஈரமும் கூடக்கூட அந்த இறுக்கம் விரைவாகும். கோடையில் முந்தின இரவே பூசி வைப்பவர்கள் மழையில் அப்படிச் செய்தால், காலையில் படத்தின் நுண்ணிய கோடுகள் கழுவினாலும் திறப்பதில்லை. அதில் இருப்பதோ புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம். கையுறை போடாமல் கலக்கும் பையன்களின் விரல்கள் பழுப்பேறியிருக்கும். அதற்கு மாற்றான, குரோமியம் இல்லாத டயஸோ எமல்ஷன் விலை கூடியதுதான். மலிவு என்பதைத் தவிர பைக்ரோமேட்டுக்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மரச்சட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் ஊதிக் கோணும், வலையின் இழுப்பு தளரும், நான்கு கலர் டிசைனில் ஒரு கலர் மற்றொன்றின் மேல் சரியாக உட்காராது. அலுமினியச் சட்டத்துக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அச்சடித்த பிறகு மறுபடியும் ஈரம் குறுக்கே வரும். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத நீரை வைத்திருக்கும். மழையில் அது இன்னும் கூடும். பிளாஸ்டிசால் என்ற, சூட்டில்தான் இறுகும் பிளாஸ்டிக் இங்க் முழுதாக இறுக, அதன் அடிவரைக்கும் சுமார் 160 டிகிரி ஏற வேண்டும். ஈரப் பனியன் பெல்ட்டில் ஏறினால் சூட்டின் ஒரு பகுதி அந்த நீரை விரட்டுவதிலேயே செலவாகி, இங்க் மேலே காய்ந்தும் அடியில் பச்சையாகவும் வெளியே வரும். பெல்ட்டின் வேகத்தைக் குறைப்பதே வழி. அல்லது பனியனை முதலில் வெறுமையாக ஒருமுறை பெல்ட்டில் ஓட்டிவிட்டு அச்சடிக்க வேண்டும். இரண்டுமே நேரத்தைத் தின்னும். பாலியஸ்டர் நீரை ஏறக்குறைய வைத்துக்கொள்வதே இல்லை. ஆனால் அதில் சூடு அதிகமானால் துணியின் சிவப்புச் சாயம் மேலேறி, வெள்ளை எழுத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும்.

மண்டல்காரர்கள் நாளைக்கே வேண்டும் என்பார்கள். ஒரு பனியனைச் சூடு ஆறியபின் இழுத்துப் பார்த்து, துவைத்தும் பார்த்த பிறகே மூட்டை கட்டுவோம் என்றால் முகம் சுளிப்பார்கள். இழுத்ததும் அச்சு வெடித்தால் பெல்ட்டில் தவறு என்று பொருள். மழைமாதத்தில் விலையைச் சற்றுக் கூட்டிச் சொல்கிறோம். காரணம் கேட்பவர்களைக் காயும் அறைக்குள் அழைத்துப்போய்க் காட்டுவோம்.

இப்போது டிடிஎஃப் மெஷின், அதாவது படத்தை ஃபிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, சூட்டால் துணியில் ஒட்டும் முறை வைத்தவர்கள், ஸ்க்ரீனே வேண்டாம் என்கிறார்கள். பத்துப் பனியன் ஆர்டருக்கு அது நல்லதுதான். அதன் பசைத்தூளும் ஈரத்தில் கட்டிதட்டுகிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. ஒரே டிசைனில் நூற்றுக்கணக்கில் என்றால் ஸ்க்ரீன்தான் மலிவு. அப்படிப்பட்ட ஆர்டர்கள் எங்களுக்கு ஆகஸ்டில்தான் வருகின்றன என்பதால், டிஹ்யூமிடிஃபையரை மே மாதத்திலேயே சர்வீஸ் செய்து வைத்துவிடுகிறோம்.