வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

கிராம சுகாதார செவிலியர்களுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கும் உடற்பருமன் குறித்துப் பயிற்சி அளிக்கச் சென்ற முதல் இரண்டு முறையும், நான் திரையில் படம் காட்டி வகுப்பெடுத்தேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் எடை மிகுந்தவர்கள் 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில் 30.9 சதவீதமாக இருந்து, 2019-21 ஆய்வில் 40.4 ஆக உயர்ந்ததை எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் "சோற்றைக் குறையுங்கள், நடங்கள்" என்ற பழைய அறிவுரையே தொடர்ந்தது.

மூன்றாம் முறை நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மருத்துவ அலுவலரும் நானும் கடைசியில்தான் பேசுவது என்று முடிவு செய்துகொண்டோம். உடம்பு போட்டவரைப் பார்த்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பிறகு மூத்த செவிலியர் ஒருவர், "பூசினாப்ல இருக்கே, நல்ல இடத்துலதான் வாக்கப்பட்டிருக்கேம்பாங்க சார், இளைச்சா, சுகரா டிபியான்னு காதோட கேப்பாங்க" என்றார். எடை கூடுவது அங்கே பாராட்டு என்பது என் படங்கள் எதிலும் இல்லை.

அதன்பின் பேச்சு நிற்கவில்லை. காலையில் கைவீசி நடக்கும் பெண்ணை வேலைவெட்டி இல்லாதவள் என்பார்கள் என்றார் ஒருவர். நடவுக்கு இயந்திரமும் மாவுக்கு கிரைண்டரும் வந்தபின்னும் தட்டில் சோறு குறையவில்லை என்றார் இன்னொருவர். ஒரு தன்னார்வலர், தம் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவாவதாகக் கணக்குச் சொன்னார்; வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, ஏறக்குறைய 270 கலோரி. சோற்றை மட்டுமே குறைசொல்லி வந்த எங்களுக்கு அது உறைத்தது. உரையாடலில் எல்லாமே சரியாக வந்துவிடுவதும் இல்லை: எல்லாவற்றுக்கும் தைராய்டுதான் காரணம் என்று ஒருவர் சொல்ல, குழுவே தலையாட்டியபோது, நான் விதியை மீறிக் குறுக்கிட வேண்டியிருந்தது.

இறுதியில் அளவு நாடாவைச் சுற்றுக்கு விட்டோம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தம்மை அளந்து 94 என்று கண்ட அந்த மூத்த செவிலியர், "இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி சார் இன்னொருத்திக்குச் சொல்றது?" என்று கேட்டார். பேச வேண்டிய முறை மருத்துவ அலுவலருடையது. அவர் ஒன்றும் சொல்லாமல் நாடாவுக்குக் கை நீட்டினார்.