கசப்புக்கு ஒரு தவணை

எங்கள் ஆங்கில ஆசிரியர் மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டுப் பாடமாக்கச் சொன்னதே இல்லை. ஒரு தவணைக்கு ஓர் உணர்ச்சியை எடுத்துக்கொள்வார். உயர்தர வகுப்பில் எங்களுக்கு வாய்த்தது கசப்பும் ஏமாற்றமும். பரீட்சைக்கு வராத விடயத்துக்கு இவ்வளவு நேரமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். புலம்பெயர்ந்து வந்த பிறகு எனக்குக் கைகொடுத்தது அந்தத் தவணைதான்.

கசப்பான முடிவு என்று பொருள்படும் 'த பிற்றர் எண்ட்' என்பதை விளக்கக் கரும்பலகையில் ஒரு கப்பலை வரைந்தார். தளத்தில் இரண்டு குட்டைத் தூண்கள். நங்கூரக் கயிறு அவற்றைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறது. அந்தத் தூண்களுக்குப் பெயர் 'பிற்ஸ்'. கடலுக்குள் போகாமல் கப்பலிலேயே கிடக்கும் கயிற்றுப் பகுதிதான் 'பிற்றர்ஸ் எண்ட்' என்று கப்டன் ஜோன் ஸ்மித் 1627இல் கடலோடிகளுக்காக எழுதிய நூலில் சொல்லியிருக்கிறார். சேர் கப்பல் பக்கத்துக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து, கடல் பக்கத்தில் நீட்டிக்கொண்டே போனார். நுனி தூணுக்கு வந்ததும் சோக்கைக் கீழே வைத்தார். "இதுக்குப் பிறகு விடுறதுக்குக் கயிறு இல்லை. அதுவரைக்கும் நிண்டு பிடிக்கிறதுதான் இது." பைபிளின் நீதிமொழிகளில் முடிவு எட்டியைப் போலக் கசக்கும் என்று வருவதும் இந்தத் தொடருக்கு உரம் சேர்த்திருக்கலாம் என்பார்.

வேதனையைப் பல்லைக் கடித்துத் தாங்குவதைச் சொல்லும் 'பைற் த புலற்' (ரவையைக் கடி) வந்த கதையைக் கேட்டபோது வகுப்பே அடங்கிப்போனது. மயக்க மருந்து இல்லாத காலத்துச் சத்திரசிகிச்சையைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். சேர் எடுத்துக்காட்டியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஒரு பேச்சுவழக்கு அகராதியை. சவுக்கடி வாங்கும் சிப்பாய் வாய்விட்டுக் கத்துவது சில படைப்பிரிவுகளில் மானக்கேடு. அதனால் துப்பாக்கி ரவையைப் பல்லுக்குள் வைத்து மென்றபடி அடியைத் தாங்குவானாம். 'சவர் கிரேப்ஸ்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஈசாப்பின் நரியும் 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்பதும் எங்களுக்கும் பழக்கமானவைதானே. வெறும் பொறாமைக்கு அதைப் பாவிக்கக்கூடாது, கிடைக்காததை மட்டம் தட்டுவதற்குத்தான் என்று மட்டும் திருத்திவிட்டார்.

ஆனால் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது வேறொன்று: இந்தத் தொடர்களை யார், யாரிடம் சொல்கிறார் என்பது. அடியும் உதையும் பட்டுப் படித்தேன் என்பதற்கு 'ஸ்கூல் ஒஃப் ஹார்ட் நொக்ஸ்' என்று தன்னைப் பற்றித்தான் ஒருவர் சொல்லிக்கொள்ளலாம். கொட்டிய பாலுக்கு அழாதே என்பதை, அழுதுகொண்டிருப்பவரிடம் அன்றைக்கே சொல்லக்கூடாது. சொன்னால் வெந்த புண்ணில் வேல்தான்.

'சிப் ஒன் த ஷோல்டர்' அமெரிக்காவில் பிறந்தது. சண்டைக்கு நிற்கும் பையன் தோளில் ஒரு மரச்சில்லை வைத்துக்கொண்டு, முடிந்தால் தட்டிவிடு பார்ப்போம் என்று சவால் விடுவான். 1830இலேயே ஒரு பத்திரிகையில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. மனக்குறையோடு திரிபவரை இன்று அப்படிச் சொல்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு, பதவி உயர்வு எனக்கு ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்டபோது, மேலதிகாரி சிரித்த முகத்தோடு இதே தொடரை என்மீது போட்டார். கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்டவனைக் குற்றவாளியாக்கும் வேலை அது. சேரின் வகுப்பில் இருந்திராவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். "சில்லை விடுங்கள், காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்றேன். காரணம் எழுத்தில் வந்தது. அது நியாயமாக இருக்கவில்லை. அப்புறம் வேறு வேலை தேடிக்கொண்டேன். அதுவும் ஒரு 'பிற்றர் பில்', கசப்பு மாத்திரைதான். ஆனாலும் எதை விழுங்குகிறேன் என்று தெரிந்து விழுங்கினேன்.

அந்தத் தவணையில் எழுதிய கொப்பி என்னிடம் இல்லை. வகுப்பில் ஒன்றாக இருந்த யாராவது பத்திரமாக வைத்திருந்தால், பக்கங்களைப் படம் பிடித்து மலர்க் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் சேரின் விளக்கங்களை முழுதாகப் போட வேண்டும் என்பது என் ஆசை.