பேனல் சொல்லாத அட்ரஸ் தப்பு

ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் (அட்ரஸ்) உள்ள அட்ரஸபிள் ஃபயர் அலாரத்தில் அந்த எண்ணைப் போடுவது ஏணி மேல் நின்று செய்கிற வேலை அல்ல. ட்ராயிங்கை மேசையில் விரித்து, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எண்ணை எழுதி முடித்த பிறகுதான் பெட்டியைப் பிரிப்போம்.

முதலில் லூப்பின், அதாவது பேனல் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பி டிடெக்டர்களைத் தொட்டு அதற்கே திரும்பும் வயரின், கொள்ளளவு. நோட்டிஃபயர் கம்பெனி பேனலில், பேனலும் டிடெக்டரும் பேசிக்கொள்வது பழைய கிளிப் முறை என்றால் ஒரு லூப்பில் 99 டிடெக்டர், 99 மாட்யூல் (மற்றக் கருவிகளை லூப்பில் இணைக்கும் சிறு பெட்டி). புதிய ஃபிளாஷ்ஸ்கேன் முறை என்றால் 159, 159. இரண்டும் தனித்தனி வரிசை, அதனால் டிடெக்டர் 27, மாட்யூல் 27 இரண்டும் ஒரே லூப்பில் இருக்கலாம். மேனுவல் கால் பாயிண்ட் (தீயைப் பார்த்தவர் கையால் அழுத்தும் பெட்டி) மாட்யூல் வரிசையில் வரும். இதை மறந்து டிடெக்டர் கணக்கில் சேர்ப்பவர்கள் நிறைய. அப்பல்லோ கம்பெனியின் எக்ஸ்பி95 வகையில் எல்லாம் சேர்த்தே 126 எண்தான். ஒரு தளத்தில் 24 ஹெட் (டிடெக்டரின் கழற்றி மாட்டும் தலைப்பகுதி) வருகிறதென்றால் 1 முதல் 30 வரை அந்தத் தளத்துக்கு ஒதுக்குங்கள். பின்னால் ஒரு தடுப்புச்சுவர் எழும்பும், ஹெட் கூடும்.

ரோட்டரி சுவிட்ச் உள்ள ஹெட்டில் ஒரு டயல் பத்துகளுக்கு, இன்னொன்று ஒன்றுகளுக்கு. 27 போட வேண்டிய இடத்தில் 72 விழுவது இங்கேதான். டிப் சுவிட்ச் என்றால் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று கூட்ட வேண்டும்; 37 என்பது 32, 4, 1. சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினால் கணக்கில் சேரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள். போட்ட எண்ணை மார்க்கரால் ஹெட்டிலும், அது மாட்டும் பேஸிலும் எழுதுங்கள். தூசி மூடியில் மட்டும் எழுதினால், மூடியைக் கழற்றும் நாளில் எண்ணும் குப்பைக்குப் போய்விடும்.

ஒரே எண் இரண்டு ஹெட்டில் விழுந்தால் பேனல் பெரும்பாலும் ஃபால்ட் காட்டும். தெரிந்த ஹெட்டைக் கழற்றுங்கள். அப்போதும் அந்த எண் பதில் சொன்னால் இன்னொன்று வேறெங்கோ இருக்கிறது. லூப்பின் ரிட்டர்ன் பக்கத்தைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு ஜங்ஷனில் பிரித்தால் எந்தப் பாதியில் என்று தெரியும். பிறகு அந்தப் பாதியைப் பாதியாக்குங்கள்.

ஆட்டோ புரோகிராம் கொடுத்ததும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. பேனல் தனக்குப் பதில் சொன்னதை மட்டும் எழுதிக்கொள்ளும். கம்பெனியிலிருந்து வந்த 00-இலேயே விட்டுப்போன ஹெட்டும், கிளிப் லூப்பில் 105 போட்ட ஹெட்டும் அதன் கண்ணுக்கே தெரியாது, ஃபால்ட்டும் வராது. ட்ராயிங்கில் எத்தனை, பேனலில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணிக்கையும் காப்பாற்றாத தப்பு ஒன்று உண்டு: 3-ஆம் தளத்து ஹெட்டும் 5-ஆம் தளத்து ஹெட்டும் இடம் மாறுவது. இரண்டும் ஸ்மோக் (புகை) டிடெக்டர், இரண்டும் பதில் சொல்லும், பேனலில் பச்சை விளக்கு. தீ 3-இல் பிடிக்கும், ஆட்கள் 5-க்கு ஓடுவார்கள். இது பெரும்பாலும் சர்வீஸில்தான் நடக்கும். அட்ரஸ் ஹெட்டிலேயே இருக்கும் வகையில் பத்து ஹெட்டைக் கழற்றி ஒரு வாளியில் போட்டுத் துடைத்துத் திரும்ப மாட்டினால் எண்கள் கலந்துவிடும். அப்பல்லோவில் அட்ரஸ் கார்டு பேஸில் இருப்பதால் ஹெட் மாறினாலும் எண் மாறாது. ஹீட் (சூடு) டிடெக்டர் இருந்த இடத்தில் ஸ்மோக் மாட்டினால் மட்டும் வகை தப்பு என்று வரும்.

இதைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு ஹெட்டுக்கும் புகை (ஹீட் என்றால் சூடு) அடிப்பது. முதலில் ஹூட்டர், லிஃப்ட், ஏஹெச்யூ (ஏசி காற்றைத் தள்ளும் யூனிட்) டிரிப் ஆகியவற்றை டிஸேபிள் செய்யுங்கள். கேஸ் சப்ரெஷன் (வாயு பாய்ச்சித் தீயை அணைக்கும் அமைப்பு) இருந்தால் சிலிண்டரைத் திறந்துவிடும் ஆக்சுவேட்டரையே கழற்றி வையுங்கள். ஒருவர் புகை அடிக்க, இன்னொருவர் பேனல் முன் நின்று எண்ணையும் லேபிளையும் வாக்கி-டாக்கியில் வாசிக்க வேண்டும். மேலே இருப்பவர் இடத்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் கீழே இருப்பவர் திரையைப் பார்க்காமலே ஆமாம் என்பார். கழற்றிய ஆக்சுவேட்டரைத் திரும்ப மாட்டி, டிஸேபிள் பட்டியல் காலியான பிறகே கையெழுத்துப் போடுங்கள்.